வடக்குக் கை

கதவு தாழ்வு, குனிந்து வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். காலையில் இதே கோயிலில் பூசை வைத்த வாய், நற்கருணை உட்கொண்ட நாக்கு, அதற்குள் இப்படி ஒரு நினைப்பு. ஆனால் அமலோற்பவநாதன் தானாகவே குனிந்து, குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வந்து நிமிர்ந்துவிட்டார். எங்கே குனிவது எங்கே நிமிர்வது என்று அவருக்கு எப்போதும் தெரியும். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொள்ளிடத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் இருக்கிற மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் கோயிலின் திருப்பணிக் குழுச் செயலாளர். அவர் அப்பா அதே கோயிலுக்கு நாட்டாமை. பாரிசில் மகன் வீட்டுக்கு வந்தவர் அங்கிருந்து ரயிலேறி இந்த வட ஜெர்மனிக் கிராமத்துக்கு வந்திருக்கிறார், என்னைப் பார்க்க இல்லை, என் பங்கு மக்களைப் பார்க்க. ஊர்க் கோயிலைப் புதுப்பிக்க இவர்கள் கை கொடுப்பார்களா என்று கேட்க. அடுத்த கட்டிடத்தில் பங்குப் பேரவைக்காரர்கள் காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கோயிலைக் காட்டிவிடலாம் என்று பிராவ் ஷுல்ட்டே கூட வந்திருக்கிறார், ஷுல்ட்டே அம்மாள், பேரவையின் தலைவி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவரும் சரித்திரம் நடத்தியவர்தான். இரண்டு சரித்திர வாத்தியார்களுக்கு நடுவில் நான். அவருக்கு ஜெர்மன் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தவிர வேறு தெரியாது. நான் வெறும் வாய். ஸ்டேஷனில் இறங்கியதும் அவர் "வாங்க பாதர்" என்றார். இத்தனை தூரம் வந்தது அவர், வாங்க என்று கூப்பிட்டதும் அவரே. ஊரில் பங்குக்கு வருகிற சாமியார்களை அவர் பாதர் என்பதில்லை. கைகூப்பி, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி என்பார். சாமி என்ற சொல்லை எனக்குச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை, இங்கிலீஷ் என்றால் நஷ்டமில்லை. கார் ஊருக்குள் திரும்புவதற்குள் பாதரும் போய்த் தம்பி ஆகிவிட்டேன். அம்மாவை நாங்க பாத்துக்கிறோம் தம்பி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க என்றார், கண்ணாடிக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டே. அம்மாவை இவர்கள் என்ன பார்த்துக்கொள்கிறார்கள்? அம்மா தன் கஞ்சியைத் தான் காய்ச்சிக் குடிக்கிறாள். அந்தப் பாத்துக்கிறோம் என் காதுக்குள் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

பிராவ் ஷுல்ட்டே ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தொடங்குகிறார். மணல்கல். அடியில் நான்கு சிங்கங்கள், சிங்கத்தைப் பார்த்தே இராத ஒரு சிற்பி செதுக்கியவை, பூனை மாதிரி, கவலைப்பட்ட பூனை மாதிரி முகம். எண்ணூறு வருஷமாக இந்தப் பகுதியில் பிறந்தவர்கள் தலையெல்லாம் இதன் மேல்தான் நனைந்திருக்கிறது, பண்ணைக்காரன் பிள்ளைக்கும் பன்றி மேய்ப்பவன் பிள்ளைக்கும் இதே தண்ணீர் என்கிறார். நான் சொல்கிறேன். அமலோற்பவநாதன் "அடேயப்பா" என்று தொட்டியின் விளிம்பைத் தடவுகிறார். மோதிரம் கல்லில் உரசுகிறது. நானே நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இதில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன், பொன்முடிப் பிள்ளைகள், என் கறுத்த விரல் நெற்றியில் பட்டதும் அழுகையை நிறுத்தி உற்றுப் பார்க்கிற பிள்ளைகள், தகப்பன்மார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி ஹெர் பாஸ்டர், நன்றி சாமி, என்று சொல்கிற ஊர், இங்கேயும் எல்லாரும் தேவதூதர்கள் இல்லை, வந்த புதிதில் ஒரு கிழவர் என் கையால் நன்மை, அதாவது நற்கருணை, வாங்காமல் பக்கத்து ஊருக்கு சைக்கிள் மிதித்துப் போனார், போகட்டும், அவர் போனார், என்னைப் போகச் சொல்லவில்லை. அடுத்து உண்டியல், ஒரே ஓக் மரத் துண்டைக் குடைந்து இரும்புப் பட்டை அடித்தது. அடுத்து சுவருக்குள் குடைந்த மாடம், முன்னாளில் நற்கருணை வைத்த இடம், இரும்புப் பின்னல் கதவு, அதில் கொல்லன் ஒரு திராட்சைக் கொடியை வளைத்து வைத்திருக்கிறான். கமான் வளைவுகள் தடித்தவை, ஜன்னல்கள் உயரத்தில், சின்னவை, வெளிச்சம் கொஞ்சமாக, அளந்து ஊற்றின எண்ணெய் மாதிரி இறங்குகிறது. பெஞ்சுகளின் ஓரத்தில் ஆணி ஓட்டைகள். பித்தளைத் தகடுகள் இருந்த இடம், ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் பெயர் பொறித்த பெஞ்சு என்று பிராவ் ஷுல்ட்டே சொல்கிறார், சொல்லிவிட்டு, எங்கள் ஆட்களுக்குத் தகடு கிடையாது, நாங்கள் கூலிக் குடும்பம், என் தாத்தா வரைக்கும் பின்னால் கோபுரத்துக்கு அடியில் நின்றுதான் பூசை கண்டார்கள் என்கிறார். மழைக்காலம் வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பது போலச் சாதாரணமாகச் சொல்கிறார். அவமானம் அவமானப்பட்டவர்களுடையது இல்லை என்று எப்படியோ தெரிந்துகொண்ட குரல். நான் அதைச் சொன்னதும் அமலோற்பவநாதன் உச்சுக்கொட்டி, "பாவம், எவ்வளவு அநியாயம் பாருங்க தம்பி" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஏனென்றால் எனக்குச் சின்ன வயதில் பூசை என்பது ஒரு சத்தம். கண்ணால் பார்த்த ஒன்று இல்லை. எங்கள் கோயிலைக் கட்டிய பிரெஞ்சுச் சாமியார் சிலுவை வடிவத்தில் கட்ட நினைத்தாராம், தெற்குக் கையைக் கட்டவேயில்லை, வடக்குக் கையை மட்டும் எங்கள் தெருவுக்கென்று கட்டினார், அதுவும் சாய்த்துக் கட்டினார், அதற்குத் தனிக் கதவு, தனித் தீர்த்தத் தொட்டி, தனிப் பாவசங்கீர்த்தனக் கூண்டு. நடுக் கோயிலில் உட்கார்ந்தவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. எங்களுக்கு அவர்கள் முகம் தெரியாது. பீடம் தெரிய வேண்டும், ஆனால் நடுவில் ஒரு தூண், அந்தத் தூணைச் சுற்றி சாமியாரின் ஒரு முழங்கை தெரியும், ஜெபப் புத்தகத்தின் ஒரு மூலை தெரியும். மணி அடித்தால் அப்பத்தைத் தூக்கிவிட்டார் என்று அர்த்தம், தலையைக் குனிவோம், எதற்குக் குனிகிறோமோ அதைப் பார்த்ததில்லை. கையின் வாயில், இடுப்பளவுக்கு இரும்புக் கிராதி. அதில் நான் நாக்கை வைத்துப் பார்த்திருக்கிறேன், எல்லாப் பிள்ளைகளும் வைத்திருப்பார்கள், துருவும் உப்பும் கலந்த ருசி, பெரியவனாகிக் குருவாகப் படித்த சேமினரியில் முதல் முறை திராட்சை ரசத்தைச் சுவைத்தபோதும் எனக்கு அந்தத் துருதான் ஞாபகம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. நன்மை கொடுக்கும்போது சாமியார் அந்தப் பக்கம் முழுக்க முடித்துவிட்டுக் கடைசியாகக் கிராதிக்கு வருவார், நாங்கள் முழங்காலிட்டுக் கம்பிக்கு இடையில் முகத்தை நீட்டுவோம். அம்மா அப்படித்தான் நீட்டினாள், ஆடு தழைக்கு நீட்டுகிற மாதிரி. இல்லை, அந்த உவமை வேண்டாம், அம்மாவை அப்படி நினைக்கக் கூடாது, ஆனால் வேறு எப்படியும் நினைக்க வரவில்லை. பிறகு ஒரு ஆயர் வந்தார், கோபக்காரர், போலீசை வெளியே நிறுத்திவிட்டுக் கிராதியை அறுத்து எடுக்கச் சொன்னார். இந்த அமலோற்பவநாதனின் அப்பா அன்றைக்கு நடுக் கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார், கிராதிக்காக, மிக்கேல் சம்மனசின் சுரூபத்தை யாரோ உடைத்துவிட்ட மாதிரி அழுதார். கம்பி போயிற்று. தரையில் ஓட்டைகள் மிஞ்சின, சிமெண்ட் பூசினார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரவர் இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள், அவர்களும் நாங்களும், இல்லாத கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அம்மா ஒருத்திதான் அந்தச் சிமெண்ட் வட்டங்களைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிப் பாய் காலியானது. பூசை முடியும் வரைக்கும் அந்தக் காலியான இடத்துக்கு நடுவில் முக்காட்டைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு இரவு எங்கள் வைக்கோல் போர் எரிந்தது. பீடி நெருப்பு என்றார்கள்.

நான் குருப்பட்டம் வாங்கி ஊருக்கு முதல் பூசை வைக்கப் போனபோது கோயில் கதவு சாத்தியிருந்தது. வெள்ளையடிக்கிறோம் என்றார்கள். திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஊற்றுகிறது, எவனாவது அந்த மழையில் வெள்ளையடிப்பானா? பங்குச் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, குழுவின் தீர்மானம் என்றார். எங்கள் தெருவில் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, யாரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வைத்து, வேட்டி விரித்து அதன் மேல் பூசை வைத்தேன். அப்பத்தைத் தூக்கும்போது தார்ப்பாயில் தேங்கின தண்ணீர் சரிந்து என் முதுகில் கொட்டியது. மணி இல்லை, ஒரு சைக்கிள் பெல்லை அடித்தார்கள். சிரிக்கக்கூட முடியவில்லை. கீழே சேற்றில் நாற்காலி போட்டு முதல் வரிசையில் அம்மா. தூண் இல்லை, கம்பி இல்லை, அவள் நேராகப் பார்த்தாள், முழுசாகப் பார்த்தாள். நான் பீடத்தில் நிற்பதைக் கோயிலுக்குள் வைத்து இன்று வரைக்கும் அவள் பார்க்கவில்லை.

இப்போது பிராவ் ஷுல்ட்டே எங்களைப் பீடத்துக்குப் பக்கத்தில், வடக்குச் சுவருக்கு அழைத்துப் போகிறார். சுவர் என் கை நீளத்துக்கு மேல் தடிமன். அதில் மார்பு உயரத்தில் ஒரு பிளவு, சாய்வாக வெளியே போகிறது, கடைசியில் புல்லும் ஒரு கல்லறைக் கல்லின் தோளும் தெரிகின்றன. குளிர் காற்று ஒரு கயிறு மாதிரி உள்ளே வருகிறது. குஷ்டரோகிகளுக்கானது என்கிறார்கள் என்று சொன்னார். உள்ளே விடமாட்டார்கள், ஆனால் பூசை காண வேண்டுமே, அதனால் வெளியே பனியில் நின்று இதன் வழியாகப் பீடத்தை மட்டும் பார்ப்பார்கள், நீண்ட கரண்டியில் அப்பத்தை வைத்து நீட்டியிருக்கலாம். நெடுங்காலம் இதை அடைத்து வைத்திருந்தார்கள், வெட்கப்பட்டோ, குளிருக்காகவோ. இந்த ஊர்க்காரர்களே கூடிப் பேசித் திறந்து விட்டோம். குழந்தைகளைக் கூட்டி வந்து வெளியே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வேன், நாம் என்ன செய்தோம் என்று தெரிய வேண்டும் இல்லையா என்றார். நாம். செத்துப் பல நூறு வருஷம் ஆனவர்கள் செய்ததை அந்தக் கிழவி நாம் என்கிறார். நான் அதையும் தமிழில் சொன்னேன். அமலோற்பவநாதன் பிளவுக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கியிருந்தது. ஏசுநாதர் தொட்டுக் குணமாக்கினவங்களை இவனுங்க வெளிய நிறுத்தியிருக்கானுங்க என்றார். எங்கள் ஊரில் வாய்க்கால் கரையில் எங்கள் தெருவிலும் வடக்குக் கையிலும் நிறுத்தப்பட்டவர்களுக்கு எந்த நோயும் இருந்ததில்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த நினைப்பே என்னை வெட்கப்பட வைத்தது, நோய் இருந்தால் மட்டும் சரியா? கோபம் வந்தால் மூளை இப்படித்தான் அசிங்கமான பாதையில் எல்லாம் ஓடுகிறது. இந்த மனிதர் அழத் தெரிந்தவர். படித்தவர். ஊருக்குப் போனால் அம்மாவுக்கு நான் கொடுத்தனுப்புகிற ஸ்வெட்டரைக்கூடக் கொண்டுபோய்க் கொடுப்பார், வாசலில் நின்று கொடுப்பார், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். இவரை வெறுப்பது சுலபமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அடுத்த கட்டிடத்துக்குப் போகலாமா என்று நான் கேட்டேன், காபி ஆறிவிடும் என்று. ஆனால் பிராவ் ஷுல்ட்டேவுக்கு அவசரமில்லை. உங்கள் கோயிலையும் எனக்குக் காட்டுங்கள் என்றார், ஆசையாக, பள்ளிக்கூடத்துக் குரலில். அமலோற்பவநாதன் மகிழ்ந்துபோய், கொண்டுவந்திருந்த உருளையிலிருந்து வரைபடத்தை எடுத்து முதல் பெஞ்சின் மேல் விரித்தார். ஓரம் சுருண்டு எழும்பியது, என் ஜெபப் புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்தார், என்னைக் கேட்கவில்லை. பழைமை மாறாமல் புதுப்பிக்கிறோம், கட்டினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே, சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், சிமெண்டே கிடையாது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பிராவ் ஷுல்ட்டே கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலால் நடுக் கோயில் வழியாக நடந்து போவது போல, தூண்களைத் தொட்டுத் தொட்டுப் போனார். விரல் வடக்கே திரும்பியது. இது எதற்கு, ஒரு கை மட்டும்? இந்தப் பக்கம் ஏன் இல்லை? விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. கையின் வாயில் குறுக்கே மெல்லிய இரட்டைக் கோடு. புது மையில், தெளிவாக. இது என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவும் போனில் சொல்லவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பழைமை மாறாமல் என்றால் இதுதான். அறுத்து எடுத்ததைத் திரும்ப நடப் போகிறார்கள், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காசை இந்த ஊர் ஜனங்கள் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தட்டில் போட வேண்டும், நான் பிரசங்கத்தில் கேட்க வேண்டும்.

அமலோற்பவநாதன் என் முகத்தைப் பார்க்காமல், வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆம்பளைங்க பொம்பளைங்க தனித்தனியா உக்கார்றதுக்குன்னு சொல்லுங்க தம்பி. அந்தக் காலத்து வழக்கம். அவ்வளவு போதும்."

எவ்வளவு சின்ன வாக்கியம். ஜெர்மனில் இன்னும் சின்னதாக வரும். அது என் வாய்க்குள் ஏற்கெனவே உருவாகிவிட்டது, வினைச்சொல் கடைசியில் போய் உட்கார்ந்து தயாராக நிற்கிறது, இத்தனை வருஷமாகப் பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பழகின நாக்கு, சேமினரியில், ஆயர் இல்லத்தில், வெள்ளையடிக்கிறார்களாம் என்று அம்மாவிடம் போய் நானே சொன்னேனே, அந்த நாக்கு. பிராவ் ஷுல்ட்டே காத்திருக்கிறார். பிளவு வழியாக வந்த காற்று வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பயம் எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அது நெஞ்சில் இல்லை, கழுத்துக்குப் பின்னால், தலையைக் குனிய வைக்கிற அந்த எலும்பில். அம்மா தனியாகப் படுத்திருக்கிற வீடு. ஓலைக் கூரை. அடுத்து அவள் சாவு, எந்தக் கதவு வழியாகப் பெட்டி போகும், கல்லறையில் எந்த மூலை. எல்லாம் அவர்கள் கையில். அவள் அந்தச் சிமெண்ட் வட்டங்களைத் தாண்டிப் போய் உட்கார்ந்தபோது இதையெல்லாம் யோசித்திருப்பாள். யோசித்தும் உட்கார்ந்தாள்.

நான் ஜெர்மனில் சொன்னேன். இது ஒரு இரும்புத் தடுப்பு. ஆண்களையும் பெண்களையும் பிரிக்க என்று சொல்லும்படி இவர் கேட்கிறார். அது உண்மையில்லை. எங்கள் சாதியைத் தங்களிடமிருந்து பிரித்து வைக்க இவர்கள் போட்டது. அந்தக் கை முழுக்க அதற்காகவே கட்டியது. நான் அதற்குள் வளர்ந்தவன். ஒரு ஆயர் அதை எடுக்க வைத்தார், இப்போது மறுபடியும் வைக்கப் போகிறார்கள். சொல்லி முடித்தேன். கஷ்டமாகவே இல்லை. சாதிக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, சுத்தமான சொல், துவைத்துக் காய்ந்த சொல், அதில் நாற்றமில்லை, என் தோலில் ஒட்டவில்லை. அதனால்தான் இவ்வளவு சுலபம் என்று உடனே புரிந்தது. வேறு மொழியில் தைரியசாலியாக இருப்பதில் என்ன இருக்கிறது? பிராவ் ஷுல்ட்டே கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தைப் பார்த்து அமலோற்பவநாதன் என்னிடம் கேட்டார், என்ன தம்பி சொன்னீங்க, ஏன் இப்படிப் பாக்கறாங்க என்று. தமிழ். இந்த மொழியில் என் முதுகுக்கு வளையத் தெரியும், இந்த மொழியில் இவரிடம் நான் இதுவரை சரிங்க என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், விரல் ஒரு ஆணி ஓட்டைக்குள் போயிற்று.

"நீங்க சொல்லச் சொன்னதை நான் சொல்லல. அந்தக் கிராதி எங்க தெரு ஆளுங்களை உங்ககிட்ட சேர விடாம இருக்கப் போட்டதுன்னு சொன்னேன். அதைத் திரும்பப் போடத்தான் உதவி கேக்கறீங்கன்னும் சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். என் ஜெபப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தார், வரைபடத்தைச் சுருட்டினார், நிதானமாக, முனைகள் ஒன்றோடொன்று சேரும்படி தட்டிச் சரிசெய்து, உருளைக்குள் விட்டு மூடியை அழுத்தினார். பிறகு, காரில் பேசின அதே குரலில்:

"அம்மா ஊர்லதான் இருக்காங்க. அதை மனசுல வெச்சுப் பேசுங்க."

"அம்மா ஊர்ல இருக்கறதாலதான் பேசறேன்" என்றேன்.

பிராவ் ஷுல்ட்டே என் கையைத் தொட்டு, என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை, அந்தக் குரலின் சாந்தத்தைக்கூட அப்படியே கொடுக்கப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு அமலோற்பவநாதனை நீண்ட நேரம் பார்த்தார், ஒரு மாணவன் எழுதின விடையைப் பார்ப்பது போல. அமலோற்பவநாதன் குல்லாவைத் தலையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்குள்ளேயே. ரயிலுக்கு நேரமாச்சு, என்னை ஸ்டேஷன்ல விட்டுடுங்க, காபியெல்லாம் வேண்டாம் என்றார். இல்லை. அப்படி நடக்க விடக் கூடாது என்று எனக்குள் ஏதோ எழுந்து நின்றது, காலையிலிருந்து இல்லை, அதற்கும் வெகு முன்னாலிருந்து குந்தியிருந்தது. இவர் இப்படியே போய்விட்டால் அடுத்த ஊர், அடுத்த பங்கு, அங்கே மொழிபெயர்க்க வேறு யாராவது. நான் போய்க் கதவைத் திறந்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் விளக்கு எரிந்தது, தலைகள் தெரிந்தன, யாரோ கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரயிலுக்கு நானே கொண்டுபோய் விடறேன்" என்றேன். "முதல்ல அங்க வாங்க. உங்களைப் பாக்கணும்னு எல்லாரும் உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் நான்தான் மொழிபெயர்க்கணும்."